ஆயிரமாவது நாளும் ஒரு ஜெர்சி மாடும்

கோயமுத்தூர் பொற்கலசம் மருத்துவமனைக்குள் நுழைகிற எவரும் முதலில் பார்ப்பது பிள்ளையாரை அல்ல, பலகையை. பிள்ளையாரும் பக்கத்தில்தான் இருக்கிறார். ஆனால் பலகை அவரைவிட நாலு மடங்கு பெரியது, சிவப்பு விளக்கெழுத்தில் மினுங்குவது. ‘நம் மருத்துவமனையில் நோய்த்தொற்று ஏற்படாத நாட்கள்’ என்று மேலே இருக்கும், கீழே எண். காரமடை அரங்கசாமி தன் மனைவி சாமியாத்தாளை முழங்கால் மாற்று அறுவைக்குக் கொண்டுவந்து சேர்த்த காலையில் அந்த எண் 991. நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவர் அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பாவம் மனுசன்.

அரங்கசாமிக்கு ஆறு கறவை மாடுகள். சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர். கை கழுவாமல் அவர் மாட்டின் மடியை ஒருத்தரும் தொட முடியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கறவைக்கு வந்த ஒரு கூலிக்காரன், வேறொரு வீட்டு மாட்டைக் கறந்த கையோடு வந்து இவருடைய லட்சுமியின் மடியில் கைவைத்துவிட்டான். நாலாம் நாள் மடி கல்லாக வீங்கி, ஒரு காம்பே போய்விட்டது. அன்றிலிருந்து தொழுவத்து வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் துண்டும் இருக்கும். கால்நடை மருத்துவரே வந்தாலும் முதலில் வாளியிடம் போய்விட்டுத்தான் மாட்டிடம் வர வேண்டும்.

அவ்வளவு கறாரான ஆளுக்கு வாயில் மட்டும் அபாரமான மரியாதை. மாட்டைக் கூட ‘ஏனுங்க, சித்த நகருங்க’ என்று சொல்லித்தான் தள்ளுவார் என்று ஊரே கேலி பேசும். டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர் என்று யாராவது எதிரில் நின்றால் துண்டு தானாகத் தோளிலிருந்து கக்கத்துக்கு இறங்கிவிடும்.

அறுவை முடிந்த மறுநாள் காலையில் நாலாவது மாடி வார்டுக்கு ரவுண்ட்ஸ் வந்தார்கள். மருத்துவமனையின் சேர்மனும் தலைமை அறுவை நிபுணருமான டாக்டர் பங்காரு முன்னால், பன்னிரண்டு பேர் பின்னால். சேர்மன் மூன்றாம் படுக்கைக்காரரின் கட்டைப் பிரித்து, விரலால் அழுத்திப் பார்த்து, ‘குட்’ என்றார். அதே விரலோடு நாலாம் படுக்கைக்கு வந்து சாமியாத்தாளின் முட்டியை அழுத்தினார். ‘வெரி குட்’. அதே விரலோடு ஐந்தாம் படுக்கைக்குப் போனார். அங்கே இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகியிருந்த ஹபீபுன்னிசா படுத்திருந்தாள். அவளுக்கும் ஒரு ‘குட்’ கிடைத்தது.

அரங்கசாமி அந்த விரலையே பார்த்தார். ஏனுங்க டாக்டர், கையைக் கழுவிப்போட்டு வாங்க என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அத்தனை படித்தவரைப் பார்த்து எப்படிச் சொல்வது? துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “நெம்ப சந்தோசமுங்க” என்று மட்டும் சொன்னார்.

கை கழுவ வசதி இல்லாத இடம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வார்டு வாசலிலேயே பளபளவென்று ஒரு புதுத் தொட்டி இருந்தது. கை நீட்டினால் தானே தண்ணீர் கொட்டும் வெளிநாட்டுக் குழாய். ஆனால் அதைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டி, ‘திறப்பு விழா: ஆயிரமாவது நாள்’ என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். திறக்காத குழாயில் யாராவது கை கழுவுவார்களா? கைக்குத் தேய்க்கிற மருந்து பாட்டில்களும் நூற்றுக்கு மேல் இருந்தன, கண்ணாடி அலமாரியில் பூட்டு போட்டு. டில்லியிலிருந்து ஆய்வாளர் வரும்போது ஒரு சொட்டுக் குறையாமல் இருந்தால்தான் முழு மதிப்பெண்ணாம். சாவி தர மேலாளர் கிஷனின் இடுப்பில் தொங்கியது. தினம் பத்து மணிக்கு ஒலிபெருக்கியில் கை கழுவும் பாட்டு வரும். வார்டில் இருக்கிற அத்தனை ஊழியரும் நின்று, பாட்டுக்கேற்ப வெறுங்கையை ஏழு விதமாகக் காற்றில் தேய்ப்பார்கள். பாட்டு முடிந்ததும் அதே கையோடு வேலைக்குப் போவார்கள்.

எண் 994 ஆன அன்று சாமியாத்தாளின் கட்டு நனைந்திருந்தது. நர்ஸ் இல்மா பிரித்துப் பார்த்தாள். தையலுக்கு நடுவில் மஞ்சளாகக் கசிந்தது.

“சீழ் வெச்சிருச்சுங்களா, கண்ணு?” என்று அரங்கசாமி கேட்டார்.

இல்மா சட்டென்று அக்கம்பக்கம் பார்த்தாள். “அந்த வார்த்தை இங்க சொல்லக் கூடாதுங்கய்யா. காயம் வேர்த்திருக்குதுன்னு எழுதச் சொல்லியிருக்காங்க.”

“வேர்வை மஞ்சளா வருமுங்களா?”

“ஆயிரமாவது நாள் வரைக்கும் வருமுங்க” என்று சொல்லிவிட்டு, குனிந்த தலையோடு புதுக்கட்டு போட்டாள். அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்ததை அரங்கசாமி பார்த்தார்.

விஷயம் எப்படியோ மேலே போய்விட்டது. ஒரு மணி நேரத்தில் தர மேலாளர் கிஷன் வந்து நின்றார். கழுத்தில் டை, கையில் நாலு பக்கப் படிவம். ‘கிருமிப் பூர்வீகப் படிவம்’ என்று தலைப்பு.

“ஏனுங்கய்யா, உங்க ஊட்டுல மாடு இருக்குதாமல்லோ?”

“ஆறு இருக்குதுங்க.”

கிஷனின் முகம் மலர்ந்தது. “சாணி?”

“மாடுன்னா சாணி போடாதுங்களா.”

“அப்ப இது உங்க ஊட்டுக் கிருமிங்க. எங்குளுது இல்ல.”

“அறுத்தது நீங்கதானுங்களே.”

“அறுத்தது நாங்க. கிருமி உங்களுது. எங்க ஆஸ்பத்திரியில 994 நாளாக் கிருமியே கிடையாதுங்க. இல்லாத பொருளை நாங்க எப்படி உங்களுக்குக் குடுக்க முடியும், சொல்லுங்க. இதுல கிருமியோட சொந்த ஊர், தாலுக்கா, மாவட்டம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்.”

“சீழை எடுத்து லேபுல பாத்தா என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேக்கும்னு தெரிஞ்சு போகுமல்லங்க?”

கிஷன் சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். “லேபுல பாத்தா கம்ப்யூட்டர்ல ஏறிரும். கம்ப்யூட்டர்ல ஏறுனாப் பலகை பூஜ்யத்துக்குப் போயிரும். எண்ணூறு பேரோட உழைப்புங்க அது. ஒரு முட்டிக்காக அதைக் கெடுக்கலாமுங்களா?”

இன்னொருவராக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார். அரங்கசாமி படிவத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “தெரியாம எழுதிக் குடுத்தாப் பொய்யாப் போயிருமுங்க. எந்த ஊருதுன்னு விசாரிச்சுப்போட்டு எழுதித் தாரனுங்க” என்றார். மரியாதைக்குச் சொன்னார் என்று கிஷன் நினைத்துக்கொண்டார். அரங்கசாமி நிஜமாகவே விசாரிக்கப் போகிறார் என்பது அவருக்குத் தெரியாது.

எண் 996 ஆன அன்று முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. மருந்து என்ற பேரில் வந்ததெல்லாம் சத்து மாத்திரை. கட்டு மாற்றுகிற நேரத்தில் இல்மா நீளமான பஞ்சுக்குச்சியால் காயத்தைத் தொட்டு, அதை மூடிபோட்ட குழாயில் வைத்து, குப்பைக்கூடையின் விளிம்பில் மெதுவாக வைத்தாள்.

“நான் ஒண்ணும் குடுக்கலீங்கய்யா. குப்பையில கெடந்துச்சு, நீங்க எடுத்தீங்க” என்றாள்.

அரங்கசாமி காந்திபுரத்தில் பஸ் பிடித்துக் காரமடைக்கு ஓடினார். அவருக்குத் தெரிந்த லேப் ஒன்றுதான். மாட்டுக்கு மடிநோய் வந்தால் பாலை எடுத்துப் போய்க் கால்நடை மருத்துவர் அன்புக்கரசியிடம் கொடுப்பார். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அவர் ஆய்வுக்கூடத்தில் பார்த்துச் சொல்வார். மாட்டுக்கு உண்டான அந்த வசதி பொற்கலசத்தில் மனுசிக்கு இல்லை.

அன்புக்கரசி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இது பால் இல்லீங்களேண்ணா. யாருக்குங்க?”

அரங்கசாமி தலையைக் குனிந்துகொண்டு நடந்ததையெல்லாம் சொன்னார். அன்புக்கரசி குழாயை மேசையில் வைத்தார். பிறகு ஒரு தாளை எடுத்தார்.

“எங்க படிவத்துலயும் மாட்டுப் பேரு, இனம், எத்தனாவது ஈத்து, எத்தனை கன்னு போட்டிருக்குன்னு எல்லாம் நிரப்புனாத்தான் வாங்குவாங்கண்ணா. அக்காவை ஈத்துக் கணக்குல எழுத முடியாது. லட்சுமின்னே போட்டுக்கறேன். ஜெர்சி கலப்பு, மூணாவது ஈத்து. சரிங்களா?”

“போட்டுக்கங்க அம்மணி. சாமியாத்தா கோவிச்சுக்க மாட்டா.”

அவர் திரும்பி வந்தபோது நாலாம் படுக்கை காலியாக இருந்தது. சாமியாத்தாளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டதாம், அதனால் இடம் மாற்றிவிட்டார்களாம். தீவிர சிகிச்சைக்கு என்று நினைத்து ஓடினார். இல்லை, மதில்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கு. சைக்கிள் மாதிரியான இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் அவள் கட்டிலைப் போட்டிருந்தார்கள்.

“இந்தக் கட்டடம் சேர்மனோட மாமியார் பேர்ல இருக்கற அறக்கட்டளையோடதுங்க” என்று கிஷன் பெருமையாக விளக்கினார். “ஆஸ்பத்திரிக் கணக்குல வராது. இங்க காய்ச்சல் வந்தா அது ஆஸ்பத்திரிக் காய்ச்சல் ஆகாதுங்க. கமிட்டியில மூணு மணி நேரம் உக்காந்து பேசி எடுத்த முடிவு.”

சாமியாத்தாள் கண்ணைத் திறந்தாள். “ஏனுங்க, என்ற காலை எடுத்துப்போடுவாங்களா?” என்று கேட்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் எதற்கும் இப்படிப் பயந்து அவர் பார்த்ததில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முதல் நாளே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டார். வெட்டி மரியாதை. யாருக்கு என்ன பிரயோஜனம்?

எண் 999. அன்புக்கரசி அழைத்து, அறிக்கை வந்துவிட்டதென்றார். அரங்கசாமி போய் முன்னால் நின்றார்.

“இது மாட்டுத் தொழுவத்துக் கிருமி இல்லீங்கண்ணா. ஏழு மருந்துக்கு அடங்க மாட்டேங்குது. இத்தனை மருந்தைப் பாத்துப் பழகுன கிருமி பெரிய ஆஸ்பத்திரியிலதான் வளரும். ஒரே ஒரு ஊசிக்குத்தான் கேக்குது, பேரு கீழ எழுதியிருக்கு. காயத்தைத் தெறந்து கழுவி, இந்த ஊசியை நாளைக்குள்ள ஆரம்பிக்கோணும். தள்ளிப்போட்டா வெச்ச முட்டியை எடுக்க வேண்டி வரும். காலுக்கே ஆபத்துங்க.”

அரங்கசாமி வீட்டுக்குப் போய்த் தொழுவத்து வாசலில் இருந்த வாளியை எடுத்தார். சோப்பையும் துண்டையும் அதற்குள் போட்டுக்கொண்டார். வெறும் வாளியோடு ஏறினவரைப் பஸ்ஸில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

திரும்பி வந்தால் கிஷன் காத்துக்கொண்டிருந்தார். நாளை விழாவில் நோயாளியின் குடும்பத்திலிருந்து ஒருவர் மேடையேறி நன்றி சொல்ல வேண்டும், அதற்கு அரங்கசாமியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம்.

“நானுங்களா? எதுக்குங்க?”

“எண்ணூறு நோயாளிகளை விசாரிச்சோம். எதுத்து ஒரு பேச்சுப் பேசாத ஒரே ஆள் நீங்கதானுங்க.”

“அதுக்கென்னங்க, பேசிப்போட்டாப் போச்சு” என்றார் அரங்கசாமி.

ஆயிரமாவது நாள். கீழ்த்தளமெங்கும் வாழைமரம், பலூன், நாதஸ்வரம். வார்டு வாசல் தொட்டியைப் பெயர்த்துக் கொண்டுவந்து மேடைமேல் வைத்திருந்தார்கள். சாமியாத்தாளைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, புதுக்கட்டுப் போட்டு, வாடை தெரியாமலிருக்க ஆறு முழம் மல்லிகையைத் தலையில் சுற்றியிருந்தார்கள். காய்ச்சலில் அவள் உடம்பு நடுங்கியது. முன்வரிசையில் டில்லி ஆய்வாளர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கிஷன் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்.

சேர்மன் பங்காரு பேசினார்.

“ஆயிரம் நாட்களுக்கு முன்னால் இந்த மருத்துவமனையில் மாதம் பதினைந்து, இருபது தொற்று பதிவாகிக்கொண்டிருந்தது. நாங்கள் தூங்கவில்லை. ஆராய்ந்தோம். தொற்று ஏன் பதிவாகிறது? பரிசோதனை செய்வதால் பதிவாகிறது. பரிசோதனையை நிறுத்தினோம். மறுநாளே பூஜ்யம். உலகத்தில் எந்த மருந்தும் இவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை. சில சிறிய மருத்துவமனைகள் இன்னமும் கிருமியை எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கின்றன. போராட்டம் நம் பண்பாடு அல்ல. நாம் கிருமியைக் கண்டுகொள்வதில்லை. அது அவமானப்பட்டுத் தானே போய்விடுகிறது.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு அரங்கசாமியை அழைத்தார்கள். அவர் ஒரு கையில் வாளியும் ஒரு கையில் படிவமும் ஆய்வக அறிக்கையுமாக மேடையேறினார். பயிற்சிக் கூடத்துக் குழாயில் பிடித்த தண்ணீர் வாளியில் தளும்பியது.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற சம்சாரத்துக் கால்ல ஒரு கிருமி இருக்குதுங்க. அது எந்த ஊருன்னு எழுதித் தரச் சொன்னாங்க. விசாரிச்சுப்போட்டனுங்க. அது எங்க காரமடை இல்லீங்க. இங்கத்ததுதான், நாலாவது மாடி. அடுத்தவங்க பொருளு எங்குளுக்கு எதுக்குங்க? நீங்களே திருப்பி எடுத்துக்கங்க. அவ காலை மட்டும் எங்குளுக்குக் குடுத்துருங்க.”

ஆய்வாளர் கிஷனைப் பார்த்தார். ‘இந்த மருத்துவமனை தந்ததை வாழ்நாளெல்லாம் மறக்கமாட்டேன் என்கிறார்’ என்று கிஷன் ஆங்கிலத்தில் சொன்னார். ஆய்வாளர் எழுந்து நின்று கைதட்டினார். கூட்டமும் தட்டியது. சேர்மன் அந்தச் சமயத்தை விடாமல், புகைப்படக்காரரைக் கூப்பிட்டு, சாமியாத்தாளின் கட்டின்மேல் கையை வைக்கக் குனிந்தார்.

“கையைக் கழுவிப்போட்டு வாங்க.”

சொன்னது அரங்கசாமி. தொழுவத்து வாசலில் நின்று சொல்கிற அதே குரல். துண்டு தோளிலேயே இருந்தது.

சேர்மனின் கை அப்படியே நின்றது. எல்லோரும் பார்க்கிறார்கள், காமிரா ஓடுகிறது. அவர் சிரித்துக்கொண்டே தொட்டிக்குப் போனார், ரிப்பனை வெட்டினார், கையை நீட்டினார். தண்ணீர் வரவில்லை. பக்கவாட்டில் நீட்டினார், மேலே ஆட்டினார். தொட்டியை மேடைக்குத் தூக்கி வந்தவர்கள் அதற்குத் தண்ணீர்க் குழாய் மாட்ட வேண்டும் என்று நினைக்கவே இல்லை. வார்டிலும் மாட்டியிருக்கவில்லை என்பது இல்மாவுக்கு மட்டும் தெரியும்.

“பரவாயில்லீங்க, நீட்டுங்க” என்று அரங்கசாமி வாளியைச் சாய்த்துச் சேர்மனின் கையில் தண்ணீர் ஊற்றினார். சோப்பைக் கொடுத்தார். விரல் இடுக்கெல்லாம் தேய்க்கச் சொன்னார். துடைக்கத் துண்டைக் கொடுத்தார். ஆயிரம் நாளில் அந்தக் கட்டடத்தில் ஒரு கை முழுசாகக் கழுவப்பட்டது அப்போதுதான் என்று பின்னால் ஆயாக்கள் பேசிக்கொண்டார்கள்.

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஆய்வாளர் மேடைக்கு வந்து, அரங்கசாமி கையிலிருந்த தாள்களை வாங்கிப் பார்த்தார். ஆய்வக அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறியது. சேர்மனுக்கு வேர்த்தது, இது நிஜமான வேர்வை. ஆய்வாளர் முதல் வரிக்குத் திரும்பினார். “லட்சுமி?” என்றார்.

“பசுமாடு, சார்” என்று கிஷன் உயிர் வந்தவராக ஆங்கிலத்தில் சொன்னார். “ஜெர்சி. மூணாவது ஈத்து.”

ஆய்வாளர் நிம்மதியாக மூச்சுவிட்டார். மாட்டுக்கு வந்த தொற்று மருத்துவமனைக் கணக்கில் சேராது, விதியில் தெளிவாக இருக்கிறது என்றார். தங்கச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். போகிறபோது மட்டும் சக்கர நாற்காலியை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, “அந்த மாட்டுக்கு இன்றைக்கே வைத்தியம் பாருங்கள்” என்று சேர்மனிடம் சொன்னார்.

அப்படித்தான் சாமியாத்தாளுக்கு வைத்தியம் ஆரம்பித்தது. அன்று மாலையே காயத்தைத் திறந்து கழுவினார்கள், கேஸ் ஷீட்டில் ‘அழகுபடுத்துதல்’ என்று எழுதிக்கொண்டார்கள். ஊசி மருந்துச் சீட்டு லட்சுமி பேரில் போனது. எடை என்ற இடத்தில் கிஷன் முன்னூற்று நாற்பது கிலோ என்று நிரப்ப, இல்மா பதறிப்போய் அடித்து அறுபத்திரண்டு ஆக்கினாள். அந்த அடித்தல் இல்லாவிட்டால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆறு வாரம் ஊசி. வீக்கம் வற்றியது, கால் பிழைத்தது.

வீட்டுக்குப் புறப்பட்ட அன்று சாமியாத்தாள் ஊன்றுகோலோடு நடந்து வந்து பலகையின் முன்னால் நின்றாள். 1043 என்றிருந்தது. “மாடாவே இருந்துட்டுப் போறனுங்க. கால் இருக்குதல்ல” என்றாள்.

வெளியே வேப்பமரத்தடியில் யூனுஸ் நின்றிருந்தார். ஐந்தாம் படுக்கை ஹபீபுன்னிசாவின் கணவர், கோட்டைமேட்டில் துணிக்கடை வைத்திருப்பவர். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அரங்கசாமியைக் கண்டதும் கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்.

“எனக்கு ஒரு உதவி பண்ணோணுங்க. ஊட்டுக்காரிக்கும் இடுப்புல வேர்க்குதுன்னு எழுதியிருக்காங்க. நல்லாத் தேறி ஊட்டுக்குப் போனவ, தையல் பிரிக்க இங்க வந்துட்டுப் போனா, போன வாரம் மறுபடி படுத்துட்டா. நேத்துலருந்து அந்தப் பயிற்சிக் கூடத்துல போட்டுட்டாங்க. மாடுன்னு எழுதுனாத்தான் வைத்தியம் நடக்குதாமுங்க. எங்க ஊட்டுல மாடு கெடையாதுங்க. கோட்டைமேட்டுச் சந்துல மாட்டை எங்க கட்டறது?”

அரங்கசாமிக்கு முதல் நாள் ரவுண்ட்ஸ் கண்ணில் வந்து நின்றது. நாலாம் படுக்கையிலிருந்து ஐந்தாம் படுக்கைக்குப் போன அந்த விரல், தான் வாயை மூடிக்கொண்டு நின்றது. அன்றைக்கு வந்ததுதானா, பின்னால் வந்ததா, யாருக்குத் தெரியும். அவமானத்தில் அவருக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அவர் வாளியை யூனுஸ் கையில் கொடுத்தார்.

“இதைக் கட்டில்கிட்ட வெச்சுக்கங்க பாய். சேர்மனே வந்தாலும் உடாதீங்க. அன்புக்கரசி டாக்டர்கிட்ட நான் சொல்லிப்போடறேன். பேருக்கு எங்க வெள்ளச்சி பேரை எழுதிக்கச் சொல்லுங்க. ரெண்டாவது ஈத்து, சாதுவான மாடு.” சற்று யோசித்துவிட்டு, மாடியில் வரிசையாகத் தெரிந்த வார்டு ஜன்னல்களை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். “இன்னும் நாலு மாடு இருக்குதுங்க பாய். யாருக்காச்சும் வேணும்னாக் கேட்டு வைங்க.”